அரவேணு, மழைக்கு முன்

நீளம் இருபத்திரண்டு அடி,
உயரம் நான்கு, அகலம் ஒன்றரை.
கரண்ட் பில்லின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன்:
நூற்று முப்பத்திரண்டு கன அடி.

"ரெண்டு யூனிட்டா போடுங்க," என்றார் போஜன்.
"மண்ணுக்குள்ள போற கல்லுக்கும் காசுதான்."

சிமென்ட் பத்து மூட்டை.
லாரி முக்கோடு நின்றுவிடும்;
அப்புறம் தலைச்சுமை.
தண்ணீர் முட்டி நிற்காமலிருக்க
நாலடிக்கொரு குழாய்.

போன ஐப்பசியில் சரிந்த மண்ணோடு
என் ஹைட்ரேஞ்சியாவும் இறங்கிப்போய்
எஸ்தர் வீட்டுக் குளியலறை ஓரம் வேர்பிடித்தது.
இங்கே ரோஸ் நிறம்.
அங்கே நீலம்.
நான் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

அடித்துவிட்டு எழுதினேன்:
நடுவில் மூன்றடி திறப்பு,
கீழே இறங்க ஏழு படி.

போஜன் பென்சிலைக் காதில் செருகினார்.
"படிக்குக் கல்லு ஜாஸ்தி இழுக்கும்மா."