இருக்கை பின்னால் நகர்கிறது

பதினான்காம் வாரம்.
மசக்கை ஒரு செவ்வாய்க்கிழமை
சீட்டு வாங்காத ஆள்போல
சொல்லாமல் இறங்கிப் போனது.
கறுப்பு ரொட்டியில் பூண்டு தேய்த்து
நான்கு துண்டு தின்றேன்.
ஐந்தாவதை ட்ராம் பணிமனை வாசலில் நின்றபடி.

கால்சட்டைப் பொத்தானை
முடி கட்டும் ரப்பர் வளையம் பிடித்திருக்கிறது.
மேல்கோட்டு மறைத்துவிடும்.
ரீகாவில் பிப்ரவரி
யார் வயிற்றையும் காட்டிக்கொடுப்பதில்லை.

ஓயார்ஸ் நார்வேயில் மீன் அடைக்கிறான்.
கைபேசிச் செயலி எலுமிச்சை என்கிறது, அவகாடோ என்கிறது.
அவனுக்குப் பிடிபடவில்லை.
"மீனில் சொல்."
மத்தி என்றேன்.
சிரித்தான். பிறகு வெகுநேரம் பேசவில்லை.
அந்தப் பக்கம் ஐஸ் கொட்டும் சத்தம்.

பதினேழில் ஓட்டுநர் இருக்கையை
ஒரு பள்ளம் பின்னால் தள்ளினேன்.
மாலை ஷிப்டுக்கு வரும் தாலிவால்திஸ் குட்டையானவர்,
அவர் முன்னால் இழுத்துவிடுவார்.
காலையில் நான் தள்ளுவேன்.

பல் துலக்கினால் நுரை சிவக்கிறது.
"ரத்தம் கூடியிருக்கிறது, அதுதான்" என்கிறார் டாக்டர் அவுஸ்மா,
மின்கட்டணம் ஏறிய காரணம் சொல்பவர்போல.
தும்மினால், சட்டென்று பிரேக் மிதித்தால்,
அடிவயிற்றோரம் ஒரு கயிறு சுண்டி இழுக்கிறது.
தொப்புளுக்குக் கீழே
பழுப்பாய் ஒரு கோடு இறங்கியிருக்கிறது.
ஒற்றைத் தண்டவாளம்.
இதில் எந்த வண்டி ஓடுமோ.

இருபதாவது வாரத் திரையில்
சிறுநீரகம் இரண்டு, உதடு முழுசு,
இதயத்தில் அறை நான்கு.
அவர் எண்ண எண்ண
கல்லாவின் முன் கடன்காரிபோல நின்றது என் மூச்சு.
விரல் நுனியில் ரேகைகூட விழுந்தாயிற்றாம்.
இன்னும் எந்தக் கதவையும் தொடாத ரேகை.

"அசைவு தெரிகிறதா?"
இல்லை.
திரையில் அது குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தது.
நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருக்கிறது,
தலையணை வைத்ததுபோல,
உங்களுக்குத் தாமதமாகத்தான் எட்டும் என்றார்.
பக்கத்து அறைக் கூத்து
ஊருக்கெல்லாம் தெரிகிறது,
சுவராக நிற்கும் எனக்குத் தெரியவில்லை.

வாயுவை அசைவென்று மூன்று முறை ஏமாந்தேன்.
மூன்றாவது முறை ஓயார்ஸுக்கும் சொல்லிவிட்டேன்.

இருபத்திரண்டு. கல்பாலத்தின் நடுவில் மின்சாரம் போனது.
கீழே தவுகாவா.
பனிக்கட்டிகள் போன வாரமே கடலுக்குப் போய்விட்டன,
பார்க்க ஒன்றுமில்லை.
ஹீட்டர் விசிறி ஓய்ந்தது.
யாரோ என்னையும் மாநகராட்சியையும் சேர்த்துத் திட்டினார்கள்.
அப்போது,
இடப்பக்கம், கீழே,
ஓட்டுநர் அறைக் கண்ணாடியில்
வழி கேட்க வந்தவர் விரல்முட்டியால் தட்டுவதுபோல
ஒரு தட்டு.

திரும்பிப் பார்த்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் யாருமில்லை.

இன்னொன்று.

பேட்டரியில் மணி அடிக்கும்.
காலால் மிதித்தேன். பாதையில் ஒரு காகம்கூட இல்லை.
உள்ளே எல்லாம் நின்றது.
பிறகு ஒரே உதை, ஆளுக்குத் தகாத பெரிய உதை.
கேட்டிருக்கிறது.

நாற்றுப்பெட்டி மடியில் வைத்திருந்த பெண்
"குறுக்கே யார்?" என்றாள்.
சொல்ல வாய் வரவில்லை.
மின்சாரம்தான் வந்தது.

மறுநாள் பணிமனைத் தலைவர் மோத்ரிஸிடம் சொன்னேன்.
கோப்பிலிருந்து நிமிரவில்லை.
"ரப்பர் வளையம் பிப்ரவரியிலேயே தெரிந்தது.
மே முதல் நீ சீட்டு அலுவலகம்."

இரவில் கெண்டைக்கால் முறுக்கி எழுப்புகிறது.
விக்கல் எடுக்கிறது, எனக்கல்ல.
அயிலையா, காட் குஞ்சா என்கிறான் ஓயார்ஸ்.
மீன் விக்குமா என்றேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

இருபத்தாறு. ஒட்டியிருந்த இமைகள்
இந்த நாட்களில் பிரியுமாம்.
கடைசி வாரம், விடியுமுன் ட்ராமில் ஏறி
பழக்கத்தில் இருக்கையைத் தள்ளக் குனிந்தேன்.
முடியவில்லை.
கடைசிப் பள்ளத்தில்
ஏற்கெனவே யாரோ தள்ளிவைத்திருந்தார்கள்.