முன்னூறில் இருநூற்றுப் பதினேழு

ஒஷாவாவில் பனி கொட்டிய செவ்வாய்க்கிழமை
தபால்காரப் பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒரு காரை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.
நாலு அங்குலம்.
பின்வாலையும் சேர்த்தால் நாலரை.

ஞாயிறு வரை பெட்டியைத் திறக்கவில்லை.
ஞாயிறுதான் எங்கள் வீட்டில்
கார் தூங்கும் நாள்,
அவரும் நானும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் நாள்.

ரெசின் வார்ப்பு. கதவு திறக்காது.
கதவென்பது மேலே கீறிய ஒரு மயிர்க்கோடு.
சில்லு சுழலாது, பொனட் கிளம்பாது,
எஞ்சின் இருக்கவேண்டிய இடத்திலும்
அடிவரைக்கும் ரெசின்.
"பூட்டின வீட்டுக்கோ இவ்வளவு காசு?"
என்றார் குகநேசன்.
விலையில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

ஆனால் கிட்ட வந்து பார்க்கவேண்டும்.
இருக்கைப் பட்டியில் ஒரு கொளுக்கி,
எறும்புக்கு இடுப்புப் பட்டி தைத்ததுபோல.
இடப்பக்கம் முழுக்க எண்ணெய்ப் படலம், செத்த பூச்சிகள்,
ஒரு முன்விளக்கில் குறுக்கே ஒட்டிய நாடா,
அறுபத்தொன்று என்ற இலக்கத்தில்
ஒன்றின் கால் உரிந்திருக்கிறது.
தொடக்கக் கோட்டில் பளபளத்து நின்ற கார் இல்லை இது.
பதினெட்டாம் மணி.
விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஒருத்தன் இறங்கி
மற்றவன் ஏறுகிற அந்த அரை நிமிடத்தின் கார்.
யாரோ ஒரு பழைய படத்தைப் பூதக்கண்ணாடிக்குள் வைத்து
அழுக்கை எண்ணி எண்ணிப் பூசியிருக்கிறார்கள்.

அடித்தட்டின் இரண்டாவது திருகைக் கழற்றும்போது
பக்கக் கண்ணாடி தெறித்தது.
குத்தரிசியில் பாதி.
கம்பளம் அதை விழுங்கிவிட்டது.

டோர்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து
இரண்டு பேரும் நாலு காலில்.
கட்டிலுக்கடியில் ஒரு தோடு கிடைத்தது,
பார்க்கிங் ரசீது ஒன்று,
கண்ணாடி மட்டும் இல்லை.

"இது வென்ற காரோ?"
"இல்லை. இருபத்தோராம் மணியில் கியர்பெட்டி போய்த்
தள்ளிக்கொண்டு வந்தவங்கள்."
"பிறகு?"
"பிறகு இல்லை. அவ்வளவுதான்."
"அப்ப வென்றதை வாங்கியிருக்கலாமே."

வென்றதும் அதே கடையில் இருந்தது,
விலையும் குறைவு.
கழுவித் துடைத்து, கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.
இன்னொன்றையும் சொல்லவில்லை:
கண்ணாடி அவர் முழங்கையில்தான் ஒட்டியிருந்தது.
கண்ட பிறகும் கொஞ்ச நேரம் தேடினேன்.

திங்கள்.
மாலை ஆறு பத்துக்கு அவர் விட்பி கிடங்கிலிருந்து வருவார்.
எஞ்சினை நிறுத்துவதில்லை, குளிருக்கு.
ஆஸ்பத்திரிச் சலவைக்கு ஏழு மணிக்கு நான் நிற்கவேண்டும்.
அவர் இறங்க, நான் ஏற,
சோற்றுப் பெட்டி ஒரு பக்கம், வீட்டுச் சாவி ஒரு பக்கம்.
"பெற்றோல் கால்வாசி. வலது வைப்பர் கீறுது."
இதைத்தான் பன்னிரண்டு வருடமாகக்
கதைத்துக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

இருக்கை சூடாக இருக்கும்.
மூன்று பல் முன்னுக்கு இழுப்பேன்,
முதுகை நிமிர்த்துவேன்.
பிறகு கண்ணாடி. எப்போதும் அவர் உயரத்தில்,
எனக்குக் காரின் கூரைத் துணி மட்டும் தெரிகிற மாதிரி.

அன்றைக்கு அதைத் திருப்பவில்லை.
சிம்கோ தெருச் சிவப்பு விளக்கு வரைக்கும்
பின்னால் என்ன வருகிறதென்று தெரியாமலே ஓட்டினேன்.
விளக்கில் நின்றபோது
பின்னாலிருந்து ஒருத்தன் ஹோர்ன் அடித்தான்.
திருப்பினேன்.
பனி வழிக்கும் லொறி. மஞ்சள் விளக்குகள் இரண்டில்
ஒன்று எரியவில்லை.