அம்புக்குறி

நாசிக்கிலிருந்து வந்த பெட்டியில்
ஏழு கற்கள், மராத்திச் செய்தித்தாளில் சுற்றி.
ஆறை மதியத்துக்குள் அறுத்து முடித்தேன்.
ஏழாவது பசால்ட்,
உள்ளங்கை அகலம், தோசைக்கல் கருப்பு.

காலாப்பட்டு ஆய்வகத்தில்
கல்லைக் கண்ணாடியாக்குவது என் வேலை.
வைர வாளில் அறுத்து, பிசினில் ஒட்டி,
கார்போரண்டம் தூளில் தேய்த்துத் தேய்த்து
வெளிச்சம் மறுபக்கம் போகும்வரை.
பதினான்கு வருடமாக
என் நகக்கண்ணில் யார் யாருடைய மலையோ.

வாள் பாதி போனதும்
சத்தம் மாறியது.
நிறுத்தி, சாம்பல் பாலைக் கழுவிப் பார்த்தால்
கருப்புக்குள் வரிசையாக வெள்ளைக் குழல்கள்,
பென்சில் தடிமன்.
அடியில் நேராகக் கிளம்பி
நுனியில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

ஹம்சவேணி மேடம் லென்ஸைக் கண்ணில் வைத்தபடி
நின்றுகொண்டே சொன்னார்:
எரிமலைக் குழம்பு வந்து படுத்த இடம் ஈரமண்.
சேறோ, குட்டையோ,
மழை விட்டு இரண்டு நாளான தரையோ.
கீழே தண்ணீர் கொதித்தது.
ஆவிக்கு மேலே போயாக வேண்டும்.
மேலே ஆயிரத்து நூறு டிகிரி
நகர்ந்துகொண்டே இருக்கிறது.
ஓடும் பஸ்ஸில் தொற்றியவன் உடம்பைப்போல
ஏறிய ஆவி சாய்ந்தது.
சாய்ந்த நிலையிலேயே இறுகிவிட்டது குழம்பு.
பிறகு வேறொரு தண்ணீர்,
பச்சைத்தண்ணீர், அவசரமே இல்லாதது,
விரிசல் வழியாக வந்து
ஆவி இருந்த இடத்தில்
ஸ்டில்பைட்டை மயிரிழை மயிரிழையாக
வைத்துவிட்டுப் போனது.
ஆறரைக் கோடி வருடம்.

"எந்தப் பக்கம் ஓடுச்சு மேடம்?"

"அதுக்குத்தான அம்புக்குறி, எத்திராஜ்"
கல்லைத் திருப்பினார்.
திருப்பிக்கொண்டே இருந்தார்.

பாறையிலிருந்து பெயர்க்கும் முன்
வடக்கைக் காட்டிப் போட்ட மார்க்கர் கோடு.
காலையில் நீலமாக இருந்தது, பார்த்தேன்.
பெயிண்ட் என்று நினைத்தேன்.
வாளுக்கு விட்ட தண்ணீரில் கரைந்து
சல்லடை தாண்டி, சாக்கடை தாண்டி
ஈசிஆருக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

அவர் திட்டவில்லை.
நோட்டில் ஏழுக்கு நேரே
'திசை தெரியாது' என்று எழுதி
தேதி போட்டார்.

ஐந்தரை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.
கல்லை மேஜையில் வைத்துச் சுற்றினேன்.
குழல்கள் ஒருமுறை கடலைக் காட்டின.
ஒருமுறை மெஸ்ஸை.
ஒருமுறை என்னை.
மூன்று முறையும்
அதே உறுதியோடு.