அளந்து போட்டது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டோம்:
நானூற்று இருபது கிராம்,
தராசு இரண்டாம் முறையும் அதையே சொன்னது.
ஆறுதான் எங்கே என்று தெரியவில்லை.

சுங்கை காடுட்டில், மூடிய மரப்பட்டறையின் பின்புறம்,
மூன்றாம் எண் துளைக்குள் குழாயை விட்டு
தேவசகாயம் சாயத்தை இறக்கினார்.
புட்டியில் செங்கல் நிறம்.
நீரைத் தொட்டதும் பச்சை.
இலையின் பச்சை இல்லை;
இரவில் சாலை போடுகிறவரின் மேலங்கிப் பச்சை,
இங்கே ஆள் நிற்கிறார் என்று
இருட்டிலும் சொல்கிற பச்சை.
மூடியைத் திருகினோம்.

பூச்சி அரிக்காமலிருக்க
இங்கே பலகைகளை ஒரு திரவத்தில் முக்கி எடுத்தார்கள்.
பூச்சி போனது. பட்டறை போனது.
முதலாளியும் கனடா போனார்.
திரவம் மட்டும் போகவில்லை;
அல்லது போய்க்கொண்டே இருக்கிறது.
எந்தப் பக்கம் என்று கேட்கத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

வரைபடத்தில் நான் ஓர் அம்புக்குறி போட்டிருந்தேன்,
ஓடையை நோக்கி,
நீல மையில், கொஞ்சம் அழகாகவே.
மூன்றிலிருந்து ஏழுக்கு ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் ஏழில் ஒன்றுமில்லை.
பதினைந்தாம் நாள் ஒன்றுமில்லை.
இருபதாம் நாள் மழை, கணுக்கால்வரை சேறு.
மழை விட்டு வெயில் அடித்ததும்
தேவசகாயம் குடையைப் புட்டிகளுக்குப் பிடித்தார்.
வெளிச்சம் பட்டால் இந்தச் சாயம் தன்னை மறந்துவிடும்;
அதனால் பழுப்புப் புட்டி, அதன்மேல் வெள்ளித்தாள்.
அவர் தலை நனைந்தே இருந்தது.

ஆய்வகத்தில் ஹுவெய் மின் விளக்கை அணைத்து
ஊதா ஒளியை ஏற்றுவாள்.
இருவரும் குனிந்து பார்ப்போம்.
நீர், வெறும் நீராக இருக்கும்.
"கீழே யாரும் உன் வரைபடத்தைப் படிப்பதில்லை" என்பாள்,
கையுறையைக் கழற்றியபடி.

முப்பத்தெட்டாம் நாள்
பதினோராம் துளை.

பதினொன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
அது மேட்டில் இருக்கிறது, வேலிக்கு அப்பால்,
பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்.
அது சுத்தம்.
சுத்தம் என்று நாங்கள் வைத்துக்கொண்டது.
நான்கு வருடம் மற்றத் துளைகளின் அழுக்கையெல்லாம்
அதனோடு ஒப்பிட்டுத்தான் எழுதினோம்:
பதினொன்றைப்போல் இத்தனை மடங்கு,
பதினொன்றைப் பார்த்தால் பரவாயில்லை.
ஒவ்வோர் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலும்
என் கையெழுத்து, தமிழில்,
வாலைச் சுழித்த ‘ழ’வோடு.

ஊதா ஒளியில் அது மெல்லப் பற்றிக்கொண்டது.
நூறு கோடியில் மூன்று பங்கு.
ஹுவெய் மின் மறுபடி ஓட்டினாள். மூன்று.
வேறு புட்டி. மூன்றேகால்.
அவள் ஒன்றும் சொல்லாதது
அன்றைக்குத்தான்.

பிறகு யாரும் கேட்காத பழைய தாள் ஒன்றை
அலமாரியிலிருந்து எடுத்தோம்.
தொழிற்பேட்டைக்கு முந்தையது.
என் அம்புக்குறிக்கு நேர் எதிராக
அதில் ஒரு வாய்க்கால்,
பின்னால் மண் கொட்டி மூடியது.
மேடு அதன் தலைமேல்தான் இருக்கிறது.
மேடு லாரியில் வந்தது.
தண்ணீருக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை;
பெயர் மாறிய தெருவுக்குப்
பழைய பெயரிலேயே வண்டியைத் திருப்பும்
டாக்சிக்காரர் மாதிரி அது போகிறது.

"அப்ப இத்தன நாளும்
எதோட ஒப்பிட்டோம்?" என்றார் தேவசகாயம்.
திட்டவில்லை. குத்தவில்லை.
புட்டிகளை எண்ணிக்கொண்டே கேட்டார்.
எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து எண்ணினார்.

பன்னிரண்டாம் துளை போட வேண்டும்.
இடத்தை இன்னும் குறிக்கவில்லை.
இந்த முறை பென்சில்.

மாலையில் நிறுத்தத்தில் நின்றேன்,
நான்கு வருடமாக நிற்கிற அதே இடம்.
நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பச்சை.
செருப்புக்குக் கீழே, சிமெண்டுக்குக் கீழே,
லாரி கொட்டிய மண்ணுக்கும் கீழே
அது நாளுக்கு நான்கு முழம் நடந்துகொண்டிருந்தது.
பேருந்து வந்தது.
எந்தப் பக்கம் போகிறது என்று
பலகையை ஒருமுறை படித்துவிட்டு ஏறினேன்.