நாற்பத்தாறு, நாற்பத்தேழு

பற்களுக்கும் இலக்கம் உண்டென்று
ஏகாம்பரம் வீதியில் அந்த மாடிப்படி ஏறிய பிறகுதான் தெரிந்தது.
கீழ்த்தாடை, வலப்பக்கம்:
நாற்பத்தாறும் நாற்பத்தேழும் இல்லை.
எனக்கு வயது நாற்பத்தாறு,
இது முடிகிறபோது நாற்பத்தேழு ஆகிவிடும் என்றேன்.
டொக்டர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடுங்கியது பெரியாஸ்பத்திரியில்,
ஒன்றை ஒரு திங்கட்கிழமை, மற்றதை அடுத்த வருடம்.
பிடுங்குவது இலவசம்.
நடுவதற்கு
இரண்டு சீட்டும் ஒரு சோடிக் காப்பும்.

பதினொரு வருடம் இடப்பக்கத்தால் தின்றேன்.
கொட்பேயில் ஐஸ் ஆலைக் கணக்கு எனக்கு.
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி, எவ்வளவு கடன்,
பற்றும் வரவும் சதம் பிசகாது.
வாய் மட்டும் ஒற்றைப் பக்கப் பேரேடு.
நண்டுக்காலை மகளின் கோப்பைக்குத் தள்ளிவிடுவேன்.
"அம்மாவுக்கு நண்டு பிடிக்காது" என்று
கூட்டாளிகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.
நான் திருத்தவில்லை.

"எலும்பு மெலிஞ்சு போச்சு" என்றார் டொக்டர் ரினோஸா.
"பல்லில்லாத இடத்தில எலும்புக்கு வேலையில்லை.
வேலையில்லாட்டி அது கரைஞ்சு போயிடும்."
தூள் வைத்து நிரப்ப வேண்டுமாம்.
பிறகு பேனையை மேசையில் வைத்தார்.
"அக்கா, நீங்க சைவமோ?"
"வெள்ளிக்கிழமைகளில்."
"இந்தத் தூள் மாட்டெலும்பில செய்தது.
பன்றியிலயும் வருகுதாம், அதை நான் எடுப்பிக்கிறதில்லை."
முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்தார்.
"செயற்கையானதும் இருக்கு. விலை கூட."

கோணேசர் கோயில் நந்தியை மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன்.
அது வாய் திறக்கிற வழக்கமில்லை.
மிச்சமிருக்கிற காப்புகளை எண்ணினேன்.
"மாடே இருக்கட்டும்."
கையெழுத்து வைத்துவிட்டு வந்து
மாமியிடம் "ஏதோ பவுடர்" என்றேன்.

நாலு மாதம் கழித்துத் துளைத்தார்.
வலி இல்லை.
பக்கத்து வளவில் குழாய்க்கிணறு அடிக்கும்போது
நம் வீட்டுக் கட்டிலும் அதிருமே, அப்படி.
டைட்டேனியம் திருகு இரண்டு, தையல் ஐந்து.
"இனி நான் செய்ய ஒண்டுமில்லை" என்று கையுறையைக் கழற்றினார்.
"எலும்பு தானா வந்து பிடிக்க வேணும். மூண்டு மாசம்."

ஒருவரும் அவசரப்படுத்த முடியாத வேலை
என் தாடைக்குள் நடந்துகொண்டிருந்தது,
நான் சம்பளப் பட்டியல் போட்ட நேரமும்,
படகுக்காரரோடு கடனுக்குச் சண்டை பிடித்த நேரமும்.
வெளியே கச்சான் காற்று உடம்பை எரித்தது.
பஸ் நிலையத்தடியில் கச்சான் வறுத்தார்கள்.
காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊரில்
எனக்குக் கிடைத்தது காற்று மட்டும்.
அங்கே ஒரு மான்
கிழிந்த அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நிற்கும்.
இடம், இடம், இடம்,
பிறகு என்ன நினைத்ததோ, வலம்.
பஸ்ஸைத் தவறவிட்டு அதன் தாடையையே பார்த்தேன்.

வாடை திரும்பிய கிழமை மூடிகளைப் பூட்டினார்.
"இதுக்கு நரம்பில்லை அக்கா, பார்த்துக் கடியுங்கோ."
இரண்டு நாளாக நாக்கு
பழையபடி எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளிற்று.
பதினொரு வருடச் சட்டத்தை
அதற்கு யாரும் வந்து நீக்கிச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நண்டுக் குழம்பு.
ஒரு காலை எடுத்து வலப்பக்கம் வைத்தேன்.
பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை.
காதுக்குள் ஒரு ஐஸ்கட்டி உடைந்தது.
மகள் நிமிர்ந்தாள்.
"உங்களுக்கு நண்டு பிடிக்காதே?"

"பிடிக்காது" என்றேன்,
அவள் கோப்பையிலிருந்த காலை எடுத்துக்கொண்டு.