பதினொரு மணிக் கட்டம்

லைன் ஏழின் தலைப்பில் ஒரு வெள்ளைப் பலகை.
மணிக்கு மணி நான்தான் எண் எழுதுவேன்.
எட்டிலிருந்து ஒன்பது: அறுபத்திரண்டு கொலர்.
ஒன்பதிலிருந்து பத்து: ஐம்பத்தெட்டு.
பத்திலிருந்து பதினொன்று,
இந்தக் கட்டத்தில் மார்க்கரும் மெலிந்துவிடும்:
நாற்பத்தொன்று.

"மெஷின் பழுதா?" என்று கேட்பா சுப்பவைசர் மிஸ்.
மெஷினுக்கு விடிய வந்ததும் எண்ணெய் விட்டாச்சு மிஸ்.

கரடியனாற்றில் பஸ் அஞ்சு பத்துக்கு.
தவமலர் நாலு மணிக்கு எழும்பி
புருசனுக்கும் மூன்று பிள்ளைக்கும் புட்டு அவித்து
குழலின் ஆவியை மட்டும் முகத்தில் வாங்கிக்கொண்டு
ஓடி வாறவ.
கோகிலவாணிக்கு ஒரு பிளேன்டீ, மூன்று கரண்டி சீனி.
அந்தச் சீனி அவவோடு பஸ் ஏறும்,
செங்கலடிச் சந்தியில் இறங்கிவிடும்.
ஏறாவூர் ஜெசீமா கேற்றடியில் ஒரு றோல்ஸ் வாங்குவா.
சுற்றிய பேப்பரில் எண்ணெய் ஊறி
பின்பக்கச் செய்தியும் வாசிக்கலாம்.

போன மாசி மாதம் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள்.
அப்பிள், கிளாஸ் நிறையப் பால்,
சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரி.
"என்னகா, இந்தப் பூக்கோவா பச்சையா இருக்கு?"
தவமலர் கேட்க, லைன் முழுக்கச் சிரிப்பு.
அன்றைக்கும் நாற்பத்தொன்று.

பிறகு ஒரு செவ்வாய், பத்து ஐம்பதுக்கு
ஊசி
கோகிலவாணியின் நகத்தால் போய் மறுபக்கம் வந்தது.
அவ கத்தவில்லை.
விரலும் ஒரு கொலர் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தா.
"காலையில என்ன சாப்பிட்டது?" நேர்ஸ் கேட்டா.
ஒரு பொய் தேடி எடுக்க அவவுக்குக் கனநேரம் பிடித்தது.
படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
கவனக்குறைவு என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அன்றிரவு அரைக்கிலோ பயறு ஊறப்போட்டேன்.
விடிய அவித்து, உப்பும் தேங்காய்ச் சொட்டும் போட்டு
பழைய மார்ஜரின் டப்பாவில் அடைத்தேன்.
ஒன்பதரை மணித் தேத்தண்ணிக்கு
துணிக்கட்டுகளுக்கு அடியால்
டப்பா மெஷின் மெஷினாக நகர்ந்தது.
மறுநாள் ஜெசீமா கடலை கொண்டு வந்தா,
செத்தல் மிளகாயில் தாளித்தது, கண்ணில் தண்ணி வரும்.
பிறகு குரக்கன் ரொட்டி, உள்ளே முருங்கையிலை வறை.
கௌபி. மரவள்ளி.
ஒருநாள் யாரும் கொண்டுவரவில்லை,
அன்றைக்குப் பலகை எங்களைக் காட்டிக்கொடுத்தது.

மற்ற நாளெல்லாம் பதினொரு மணிக் கட்டத்தில்
ஐம்பத்தைந்து. பிறகு ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று.
தைத்த கொலர் திரும்பி வருவதும் குறைந்தது.
சேர் வந்து பலகைக்கு முன்னால் நின்றார்,
போனில் ஒரு படம் எடுத்தார்.
"போஸ்டர் வேலை செய்யுது" என்றார்.

முதலாம் திகதி டார்கெட் ஏறியது:
மணிக்கு அறுபத்தாறு.

"இனி பயறுக்கும் டார்கெட் போடுவானுகள்"
என்றா ஜெசீமா, வாயில் கடலையோடு.
டப்பாவை நிறுத்துவமா என்று ஒருத்தி கேட்டாள்.
யாரும் பதில் சொல்லவில்லை,
டப்பா மட்டும் அவளிடம் போய்ச் சேர்ந்தது.

இப்போது நான் எழுதுவது அறுபது.
எல்லாக் கட்டத்திலும் அறுபது, ஒன்றும் கூடாது.
பிசகில்லை, காயமில்லை; திட்டு மட்டும் உண்டு.
மிச்சத்தை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.
பஸ்ஸில் இப்போது யாரும் கம்பியில் தலை இடித்துத் தூங்குவதில்லை.
கோகிலவாணிக்கு நகம் பாதி முளைத்துவிட்டது.
தவமலருக்கு
இரவு எட்டு மணிக்கும் சண்டை போடக் குரல் இருக்கிறதாம்.
"நாளைக்கு நீ தேங்காய் துருவு, நான் முதல்ல தின்னுறன்"
என்று புருசனிடம் சொன்னதாகச் சொன்னா.
நான் நம்பவில்லை.

இன்று விடிய கொடுவாமடுவில் நான் பஸ் ஏறியபோது
அவவின் மேலுதட்டில்
ஒரு தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.
பஸ் நிறைய ஆட்கள்.
துடை என்று ஒருவரும் சொல்லவில்லை.