இடது கை

வானொலி முதலில் ஸ்பானிஷில் சொன்னது.
தலைநகர் விவகாரம் என்று விட்டுவிட்டோம்.
பிறகு கெச்சுவாவில் சொன்னது.
அப்போதுதான் பயம் வந்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் கூடினோம்,
ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் தள்ளி.
இரண்டு மீட்டர் என்றால் எவ்வளவு?
ஒரு மண்வெட்டிப் பிடியும் ஒரு முழமும் என்றார் பௌஸ்தினோ.
படுத்திருக்கும் லாமா ஒன்று என்றாள் எர்மெலிந்தா.
காலை நீட்டியா, மடக்கியா?
அதிலேயே பாதி மதியம் போயிற்று.

சாலையை அடைப்பதா வேண்டாமா.
என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்பதால்
தீர்மானப் புத்தகம் எப்போதும் என் மடியில்தான்.
ஆதரவு: நாற்பத்தொரு கைகள்.
எதிரே எழுந்தவை நாற்பது.
மிச்சம் ஒன்று என் இடது கை.
வலது கையில் பேனா இருந்தது.

வளைவில் பாறை உருட்டினோம்,
குறுக்கே லாமா மயிர்க் கயிறு கட்டினோம்.
கிருமிக்குக் கயிறு தெரியுமா என்று கேட்டான் என் சின்னவன்.
அடி வாங்கினான்.

வெள்ளிக்கிழமை லாரி நின்றுபோனது.
உப்பு தீர்ந்தது, மெழுகுவர்த்தி தீர்ந்தது.
பள்ளத்தாக்குக்காரர்கள் பாலத்தின் நடுவில்
மக்காச்சோளம் வைத்துவிட்டு விலகி நின்றார்கள்.
நாங்கள் கிழங்கை வைத்தோம்.
பேரம் பேச இரு கரையிலும் வாய் திறந்தது,
மழையாறு யாரையும் பேச விடவில்லை.
கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.
வீட்டில் அளந்தால் ஒரு படி கூடுதல்.
அதை நான் புத்தகத்தில் ஏற்றவில்லை.

பதினேழாம் நாள் கயிற்றுக்கு அப்பால் ஒருவன்.
முதுகில் சாக்கு, செருப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை.
லிமாவிலிருந்து நடந்தே வந்தவன்.
யாருடைய மகனாகவாவது இருந்திருக்கலாம்.
வந்தது தெயோதுலோ.
ஊர்த் தண்ணீர்க் குழாயை ஒரே இரவில் கழற்றி விற்றுவிட்டு
ஓடிப்போனவன்.
எனக்கு மட்டும் இரண்டு ஆடு பாக்கி.

அவன் எதுவும் கேட்கவில்லை.
மலையேறியவனுக்கு மூச்சு வாங்குமே,
அதைக்கூட வாயை இறுக்கி மூடி
மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்,
எங்கள் முகத்தைப் பார்த்தபடி.

ஓடைக்கு அப்பால், பழைய பட்டியில், கற்குடிசை.
பதினான்கு நாள் என்றார் பௌஸ்தினோ. எழுது.
எழுதினேன்.
யார் சாப்பாடு கொடுப்பது என்றபோது
ஒரு கையும் எழவில்லை.
ஆனால் ஓடைப் பாறையில் தினமும் சட்டி இருந்தது.
ஒரு நாள் மூன்று.

விடிந்ததும், ஒருவரையொருவர் நலம் கேட்கும் முன்
குடிசைப் புகையைப் பார்க்கப் பழகினோம்.
'இருக்கிறான் திருட்டுப் பயல்.'
அதன் பிறகுதான் அடுப்பு, ஆடு, எல்லாம்.

பதினோராம் நாள் புகை இல்லை.
மூடுபனி விலகியது. இல்லை.
ஆடுகள் மேட்டுக்குப் போயின. இல்லை.
யார் போய்ப் பார்ப்பது?
புரட்டிப் பார்த்தேன், தீர்மானத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.
எர்மெலிந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
முழங்கால் வரை ஓடையில் இறங்கிவிட்டாள்.
குழாய் போனதிலிருந்து
அந்த ஓடையில்தான் அவள் குடம் சுமக்கிறாள்.
தெயோதுலோ என்று கூப்பிட்டோம்.
பதில் இல்லை.
குழாய்த் திருடா, அடேய் குழாய்த் திருடா,
ஊரே தொண்டை கிழியக் கத்தியது.

கதவு திறந்தது.
கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.
புழுக்கை நனைந்துவிட்டது, தீப் பிடிக்கவில்லை என்றான்.

எர்மெலிந்தா திட்டிய திட்டை
நான் எழுத முடியாது.
சாயங்காலம் பாறையில் சட்டிக்குப் பக்கத்தில்
காய்ந்த புழுக்கை ஒரு மூட்டை இருந்தது.
இரண்டு ஆடு பாக்கி பாக்கிதான்.
புத்தகத்தின் கடைசித் தாளில் குறித்திருக்கிறேன்.

காய்ச்சல் ஜூலையில்தான் வந்தது.
கயிற்றை நாங்களேதான் அவிழ்த்தோம்,
அரிசி கொண்டுவந்த அதிகாரியின் வண்டிக்கு.
வளைவில் நின்று இரண்டு கையையும் தூக்கி வரவேற்றோம்.
யாரும் எண்ணவில்லை.